மனுதாரர் தர்மன்

அரியலூர்
12 ஜூன் 1944

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் மருமகள் புஷ்பவல்லி உனக்கு வாசிக்கும்போது முதல் பத்தியை மட்டும் கொஞ்சம் தாழ்ந்த குரலில் வாசிக்கச் சொல். சுவருக்குக் காது உண்டு என்பார்கள். உன் வீட்டுச் சுவரின் காதுக்குக் கொளஞ்சியப்பன் என்று பேர். பங்காளிக்குத் தெரியக் கூடாத வெட்கக்கேடு இது. இத்தனை வருஷமாக அரியலூர் கோர்ட்டு வாசலில் இங்கிலீஷ் மனு எழுதிப் பிழைக்கிற உன் தம்பிக்கு, இங்கிலீஷில் பாதிதான் தெரியும்.

பணிவுக்காகச் சொல்லவில்லை, அக்கா. நிஜமாகவே பாதி. கோர்ட்டுக்கு வருகிற சங்கதி எல்லாமே நடந்து முடிந்த சங்கதி. மாடு மேய்ந்தது. வரப்பு வெட்டப்பட்டது. எதிராளி என் கட்சிக்காரரைத் தாயைச் சேர்த்துத் திட்டினான். எல்லாம் பாஸ்ட் டென்ஸ். (தமிழில் அதற்கு ஒரு பேர் இருக்கிறது. உன்னிடம் அந்தப் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.) இன்னொன்று பிரசண்ட் டென்ஸ். இருக்கிறது, செய்கிறான், வருகிறான் என்பதெல்லாம் அதில் அடக்கம். அதை நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை. மாடு இப்போது மேய்கிறது என்றால் எவனாவது மனு எழுத வருவானா? தடியை எடுத்துக்கொண்டு மாட்டை ஓட்டப் போவான்.

நீ பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய பட்டாளத்து ஆபீஸ் காகிதத்தைப் படித்தேன். சிங்கப்பூர் விழுந்தபோது காணாமல் போனவர்களின் வீட்டார், அவர்களுடைய அங்க அடையாளங்களையும், ஏதாவது செய்தி கிடைத்திருந்தால் அதையும் எழுதி அனுப்ப வேண்டுமாம். உடனே உட்கார்ந்துவிட்டேன். உன் பிள்ளை தர்மன் பட்டாளத்தில் சேர்ந்தான், லாரி டிரைவராக மலாயா போனான், அங்கிருந்து இரண்டு கடிதம் போட்டான். பேனா குதிரையாட்டம் ஓடியது. அப்புறம் அடையாளம். இடது கைப் பழக்கம். இடது புருவத்தில் தழும்பு. அங்கே குதிரை நின்றுவிட்டது. 'ஹேஸ்' என்று எழுதினால் தழும்பு இருக்கிறது, தழும்புக்கு அடியில் தர்மனும் இருக்கிறான். 'ஹேட்' என்று எழுதினால் இரண்டும் இல்லை.

ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் சிவசுப்பிரமணியத்திடம் போனேன். மனிதர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கோவணத்தோடு உட்கார்ந்திருந்தார். இலக்கணத்துக்கு அது ஒரு தடையில்லை.

"உம்ம மருமகன் உசிரோட இருக்கானா ஓய்?" என்றார்.

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் மனு எழுதறேன்?"

"அது தெரியாம நான் எப்படி ஓய் டென்ஸ் சொல்றது? இலக்கணம்னா என்ன சோசியமா?"

அப்புறம் மனம் இரங்கி, நடுவில் ஒரு காலம் இருப்பதாகச் சொன்னார். நேற்றில் தொடங்கி இன்றைக்கு வந்து நிற்கும். ஆனால் இன்றைக்கு என்ன ஆனது என்று வாய் திறந்து சொல்லாது. அதில் எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாதாம். எனக்குப் பிடித்திருந்தது. வக்கீல்களுக்கென்றே செய்த காலம் போலிருந்தது.

உன் சம்மதம் தெரிந்தால் அப்படியே எழுதி, மனுதாரர் சுந்தராம்பாள் என்று உன் பேரைப் போட்டு அனுப்பிவிடுகிறேன். குஞ்சம்மாள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். என் சமையலறையில் இப்போது எல்லாமே பாஸ்ட் டென்ஸ்: அரிசி இருந்தது, மண்ணெண்ணெய் இருந்தது.

உன் தம்பி
வைரக்கண்ணு


குரும்பலூர்
20 ஜூன் 1944

தம்பி வைரக்கண்ணுக்கு அக்கா சுந்தராம்பாள் சொல்லி எழுதறது.

நான் பேசறதைப் பேசினபடியே எழுதணும்னு புஷ்பவல்லிகிட்ட சொல்லிட்டேன். இதுல இலக்கணம் தேடாதே.

உனக்குப் பாதி இங்கிலீஷ்தான் தெரியும்னு எழுதியிருக்கே. அது எங்களுக்கு முன்னாடியே தெரியும். உன் மச்சினன் வரப்புக் கேஸு தோத்தப்பவே ஊர்ல எல்லாருக்கும் தெரியும். மெதுவா வாசிக்கச் சொன்னே, இவ மெதுவாத்தான் வாசிச்சா. கொளஞ்சியப்பன் சாயங்காலம் வந்து, "என்னங்க அண்ணி, ஒங்க தம்பிக்குப் பாதிதானாமே"ன்னு கேட்டுட்டுப் போறான்.

இப்ப நான் சொல்றதைக் கேட்டு எழுது. தர்மன் இருக்கான். இருக்கான்னு எழுது. தழும்பு இருக்குன்னு எழுது. பெரம்பலூர் பஸ்ஸுல ஓடினப்ப முன்பக்கம் ஹேண்டிலைச் சுத்தும்போது அது திருப்பி அடிச்சு வந்த தழும்பு. தழும்பு அழியுமா? வெள்ளைக்காரன் வேற பாஷைல கேட்டா அழிஞ்சுடுமா? அந்த வாத்தியார் சொன்ன நடுக்காலமெல்லாம் எனக்கு வேணாம். இந்த வூட்டுல இந்த ரெண்டு வருஷமா நாங்க அந்தக் காலத்துலதான் ஒக்காந்திருக்கோம். காகிதத்துலயாச்சும் அவன் ஒரு பக்கமா இருக்கட்டும்.

இன்னொண்ணு. மனு என் பேர்ல வேணாம். அவங்க அப்பா போனதுலேருந்து பட்டா தர்மன் பேர்ல. வூட்டு வரி தர்மன் பேர்ல. கோயில் வரி கொடுத்தாலும் தர்மன் பேரைச் சொல்லித்தான் கொடுக்கறேன். இந்த வூட்டுலேருந்து வெளிய போற எந்தக் காகிதமும் ஆம்பள பேர்லதான் போகும். இப்ப மட்டும் மொதல்ல என் பேரைப் போட்டா, வூட்டுல ஆம்பள இல்லேன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. மேல அவன் பேரு. கீழ வேணா என் பேரைப் போட்டுக்க.

அவன் சட்டை வேட்டியெல்லாம் பொட்டியிலேருந்து எடுத்து வெயில்ல போட்டு வெச்சேன். பாச்சை அரிக்கல.

சுந்தராம்பாள்


அரியலூர்
3 ஜூலை 1944

அன்புள்ள அக்காவுக்கு,

மனுவை இன்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் ஒன்று இத்துடன் இருக்கிறது. காகிதத் தட்டுப்பாடு. ஆகவே ஒரு பழைய ஜப்தி நோட்டீசின் முதுகில் எழுதியிருக்கிறேன். மறுபக்கத்தைப் பார்த்து, வீட்டை ஜப்தி செய்ய வருகிறார்கள் என்று பதறாதே.

மனுதாரர் விஷயத்தில் உன் யோசனையைச் சிவசுப்பிரமணியத்திடம் சொன்னேன். "தன்னைக் காணோம்னு தானே மனுப் போடற மொத ஆளு உம்ம மருமகன்தான் ஓய்" என்றார். நானும் உனக்காக வாதாடிப் பார்த்தேன். பட்டா, வீட்டு வரி எல்லாம் எடுத்துச் சொன்னேன். "உங்க ஊர்லயே எல்லாம் தலைகீழ்தான்" என்று குளிக்கப் போய்விட்டார். நீ சொன்னபடியே மேலே தர்மன் பெயர். கீழே, மகனுக்காகத் தாயார் சுந்தராம்பாள். பதிலுக்கு என் விலாசம் கொடுத்திருக்கிறேன்.

டென்ஸும் நீ சொன்னபடியேதான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு வரியாக அவரிடம் காட்டித் திருத்திக்கொண்டேன். தர்மன் இஸ் இன் மலாயா. அவனுக்கு இடது புருவத்தில் தழும்பு இருக்கிறது. இடது கையால் எழுதுகிறான். லாரி ஓட்டுகிறான். கத்தரிக்காய் தொடமாட்டான் என்பதையும் எழுதப் போனேன். பட்டாளத்துக்கு அது எதற்கு என்று அடித்துவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. பாஸ்ட் டென்ஸில் எழுதும்போது நான் பாட்டுக்கு வெற்றிலை போட்டுக்கொண்டு எழுதுவேன். இந்த 'இஸ்' அப்படி இல்லை. லாரி ஓட்டுகிறான் என்று எழுதி நிமிர்ந்தால், கோர்ட்டு வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, "என்ன மாமா, வெயில்ல ஒக்காந்திருக்கீங்க" என்று அவன் கேட்கிற மாதிரி இருந்தது. கட்சிக்காரர்கள் பார்க்கிறார்களே என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வேர்வை என்று நினைத்திருப்பார்கள். அரியலூரில் அது ஒரு சௌகரியம். யாரும் எந்த ஈரத்தையும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வைரக்கண்ணு


குரும்பலூர்
29 ஜனவரி 1945

தம்பிக்கு,

உன் மனு நல்ல மனுடா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதாசி.

தை வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் அம்மனுக்கு மாவிளக்கு. பங்காளிங்க எல்லாரும் வண்டி கட்டிப் போனோம். அங்கேயே அரிசி இடிச்சு மாவாக்கி, ஒவ்வொரு வூட்டு மருமகளும் வெளக்கு ஏத்தணும், தெரியுமில்ல. புஷ்பவல்லி ஒலக்கையை எடுத்தா. கொளஞ்சியப்பன் நடுவுல வந்து நிக்கறான்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. போன வருசம் சும்மா வுட்டுட்டோம். மூணு வருசமா சேதி இல்ல. இது ஏத்தலாமா கூடாதான்னு தெரியாம ஏத்தினா கொலத்துக்கே ஆகாது. நாலு பேரு கேக்கறாங்க."

"எந்த நாலு பேரு? பேரைச் சொல்லு"ன்னேன்.

"நான் ஒருத்தன். மத்த மூணு பேரு இருக்காங்க."

நான் மடியிலேருந்து உன் நகலை எடுத்து நீட்டினேன். மடியில எதுக்கு வெச்சிருந்தேன்னு கேக்காதே. வெச்சிருந்தேன். சாமி கும்பிட வந்த பெரம்பலூர் தபாலாபீஸ் குமாஸ்தா ஒருத்தரு பக்கத்துல நின்னாரு. அவருகிட்ட வாங்கிப் படிக்கச் சொன்னான். அவரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "தர்மன் மலாயாவுல இருக்கிறார், லாரி ஓட்டுகிறார்"னு படிச்சாரு. கொளஞ்சியப்பன் மொகத்தைப் பாக்கணுமே. காகிதத்தை வாங்கி மேலயும் கீழயும் பாத்தான். மறுபக்கம் கோர்ட்டு முத்திரை வேற. "சர்க்காரே இங்கிலீஷ்ல இருக்காருன்னு சொல்றப்ப நமக்கென்னங்க அண்ணி. நீ இடி தாயி"ன்னுட்டு ஒதுங்கிப் போயிட்டான்.

வெளக்கு நல்லா நின்னு எரிஞ்சுது.

ஆபீஸ்லேருந்து பதில் வந்தா ஒடனே அனுப்பு.

சுந்தராம்பாள்

மாமாவுக்குப் புஷ்பவல்லி எழுதுவது. அத்தை மத்தியானம் கண் அசந்திருக்கிறார்கள். இந்த வரிகள் அவர்கள் சொன்னவை அல்ல. விளக்கு எரிந்து முடியும்வரை எல்லோரும் விளக்கைப் பார்க்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தார்கள். அது நீங்கள் எழுதிய காகிதம் என்று எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். மாமா, எனக்கு இரண்டில் எது வந்தாலும் சரி. ஆனால் ஒன்று வரவேண்டும்.


அரியலூர்
8 பிப்ரவரி 1945

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குஞ்சம்மாளின் சமையலும் ஒரு காரணம். முழுக் காரணம் அல்ல.

அக்கா, அந்த 'இஸ்' சர்க்கார் போட்டதல்ல. நீ சொன்னாய், நான் எழுதினேன், எண்ணெய் வழிய ஒரு வாத்தியார் திருத்தினார். நாம் சர்க்காரைக் கேட்ட கேள்வி அது. அதையே நீ சர்க்கார் நமக்குச் சொன்ன பதிலாக ஊருக்குக் காட்டியிருக்கிறாய். முத்திரையோ யாரோ ஒருவனுடைய மாட்டுக் கொட்டகையை ஜப்தி செய்த முத்திரை. கொளஞ்சியப்பனுக்கு இது தெரியவந்தால் என்னை விடு, அம்மன் முன்னால் உன் நிலைமை என்ன?

கோர்ட்டில் எத்தனையோ பொய்ச் சாட்சியைப் பார்த்தவன் நான். நீ பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. நீ வாயையே திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இனிமேல் அந்த நகலை மடியில் வைக்காதே. பெட்டியில், அவன் சட்டைக்கு அடியில் வை.

ஆபீசிலிருந்து பதில் இல்லை. தபால்காரர் என் வீட்டைத் தாண்டும்போது வேண்டுமென்றே வேகமாக நடக்கிறார். பாவம், அவருக்கும் கூச்சம்.

புஷ்பவல்லியின் கையெழுத்து வரவர அழகாக இருக்கிறது. கடைசி நாலு வரி ரொம்ப அழகு. அதற்குப் பதில் என்னிடம் இல்லை என்று அவளிடம் சொல். இந்த வரியை அவள் வாசிக்காமல் தாண்டிப் போனாலும் நீ கோபித்துக்கொள்ளாதே.

வைரக்கண்ணு


குரும்பலூர்
2 செப்டம்பர் 1945

தம்பிக்கு,

சண்டை முடிஞ்சுபோச்சுன்னு பெரம்பலூர்ல தண்டோரா போட்டாங்க. பிடிச்சு வெச்சிருந்தவங்களையெல்லாம் கப்பல்ல ஏத்தி அனுப்பறாங்களாம். மெட்ராஸ் வந்து, அங்கேருந்து ரயிலாம். ரயில்னா அரியலூர்லதானே எறங்கணும். நீ எங்கேயும் போகாதே. கோர்ட்டு கெடக்கட்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டேஷன்ல போய் நில்லு. அவன் எளைச்சிருப்பான், உனக்கு அடையாளம் தெரியாமப் போயிடப் போவுது. புருவத்தைப் பாரு.

கொளஞ்சியப்பன் வந்து வாசல்ல கீத்து மாத்திக் குடுத்துட்டுப் போனான். "தம்பி வர்றப்ப வூடு ஒழுகக் கூடாதுங்க அண்ணி"ங்கறான். தை மாசம் பேசினவன்தான். மனுசன் மனசு கெட்டது இல்ல, வாய்தான்.

புஷ்பவல்லி ரெண்டு நாளா பேசறதில்ல. என்னடி பயமான்னு கேட்டேன். இதை எழுத மாட்டேங்கறா. எழுதுன்னு சொல்லியிருக்கேன்.

கத்தரிச் செடியைப் பிடுங்கிட்டு வெண்டை போட்டிருக்கேன்.

சுந்தராம்பாள்


அரியலூர்
18 நவம்பர் 1945

புஷ்பவல்லிக்கு,

அம்மா, உறையின் மேல் அக்கா பெயர்தான் இருக்கும். ஆனால் இதை அவளிடம் இப்போது வாசிக்காதே. தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நீ மட்டும் தனியாகப் படி. தை மாதம் நீ கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது.

இதை நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் நேற்றுப் புறப்பட்டேன். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பெரம்பலூர் வந்து சேர்ந்தது. அங்கிருந்து குரும்பலூர் வண்டியில் ஏறவேண்டும். ஏறவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டேன். எதற்கு வந்தீர் என்று கண்டக்டர் கேட்டான். காபி குடிக்க என்றேன். இவ்வளவு தூரம் வந்து காபி குடிக்கிற பைத்தியம் என்று அவன் இன்றைக்கு அரியலூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். நிஜத்தை விட அது எனக்குக் கௌரவம்.

அக்கா சொன்னபடி ஸ்டேஷனில் நின்றுகொண்டுதான் இருந்தேன். போர்ட்டர்கள் எனக்குச் சுருட்டு கொடுக்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள். போன வாரம் பட்டாளத்து உடுப்பில் ஒரு பையன் இறங்கினான். எலும்பும் தோலும். புருவத்தைப் பார்த்தேன். தழும்பு இல்லை. பேர் சாமிக்கண்ணு, ஊர் செந்துறை. எந்தப் பிரிவு என்று கேட்டேன். லாரி என்றான். தர்மனைத் தெரியுமா என்றேன். கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்துவிட்டான். அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு.

"நீங்க அவரோட மாமாங்களா? மனு எழுதற மாமா?"

"ஆமாம்."

"ஒங்களைப் பத்திப் பேசிப் பேசிச் சிரிப்பாருங்க. ரப்பர் தோட்டத்துக் கேம்புல ஒரே கொட்டாய்ல கெடந்தோம். வயித்தால போச்சுங்க. மருந்து கெடையாது. சிங்கப்பூர் வுழுந்து அடுத்த மழையில. நாங்கதான் குழி வெட்டினோம்."

"ஆள் அவன்தானாப்பா? எடது கைப் பழக்கம்..."

"எடது கையிலதான் திம்பாரு. கேம்புல எல்லாரும் அதுக்குத் திட்டுவாங்க. சோத்துக்கு என்னா கை வேண்டிக் கெடக்குதுன்னு கேப்பாரு. கத்தரிக்கா கெடைச்சாக்கூடத் திம்பேன் இப்பன்னு சொல்லிக்கிட்டே இருந்தாருங்க."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கத்தரிக்காயை எந்த மனுவிலும் நான் எழுதவில்லையே, அம்மா.

சிங்கப்பூர் விழுந்த அடுத்த மழை என்றால், நான் மனு எழுத உட்கார்ந்தபோது அவன் போய் வெகுநாள் ஆகியிருந்தது. லாரி ஓட்டுகிறான் என்று எழுதி நிமிர்ந்து பார்த்தேனே, அப்போது அவன் இல்லை. நீ விளக்கு ஏற்றியபோதும் இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் நானும் குஞ்சம்மாளும் வருகிறோம். முன்னால் கடிதம், பின்னால் நான். முன்னால் வர எனக்குத் துணிச்சல் போதவில்லை. உன்னிடமே உன் சேதியைக் கொடுத்தனுப்புகிற ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அக்காவிடம் நீ சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்கிறேன். உன் முகத்தைப் பார்த்து அவளே கண்டுகொண்டால், என் பேரில் பழியைப் போடு.

வைரக்கண்ணு


குரும்பலூர்
10 ஜனவரி 1946

தம்பிக்கு

இது என் கை. எழுத்து கோணலா இருக்கும். சின்ன வயசுல கத்துக்கிட்டது. ஒரு வரிக்கு ஒரு நாழி ஆவுது.

புஷ்பவல்லியை அவங்க அப்பா ஆலத்தியூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நான்தான் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். இங்க இருந்தா நான் அவ மொகத்தைப் பாக்கணும், அவ என் மொகத்தைப் பாக்கணும். போறப்ப என் காலைக் கட்டிக்கிட்டு, அத்தை என்னைய எழுத வெச்சீங்களே, எழுத வெச்சீங்களேன்னு அழுதா. எனக்கு அப்பதான் புரிஞ்சுது. இருக்கான் இருக்கான்னு அத்தனை தடவையும் அவ கையாலதான் எழுதியிருக்கா.

நீ இருந்தப்ப நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். கருமாதிக்குக் கொளஞ்சியப்பன்தான் முன்னால நின்னான். அந்தக் காகிதத்தைப் பத்திக் கேக்கல. கேட்டிருந்தாத் தேவல.

ஆபீசுக்கு இன்னொரு மனு எழுதணும்னு சொன்னியே, எழுது. அந்தப் பையன் சொன்னதைச் சொல்லி, ஆமாவான்னு கேட்டு ஒரு காகிதம் வாங்கு. எல்லாத்தையும் நீ சொன்ன அந்த 'ஹேட்'லயே எழுதிடு. தழும்பையும்.

மேல என் பேரைப் போடு. போட இனிமே வேற பேர் இல்ல.

மொத மனுவுக்குப் பதில் ஏதாச்சும் வந்துதா. வந்திருந்தா என்கிட்ட மறைக்காதே. இனி மறைச்சு என்ன ஆவணும்.

சுந்தராம்பாள்


அரியலூர்
24 ஜனவரி 1946

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். உன் 'ழ' எப்போதும் சாய்ந்து விழப் பார்க்கும். நாற்பது வயசுக்கு மேல் எனக்கு வந்த கடிதங்களில் கெட்ட கையெழுத்து இதுதான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இரண்டாவது மனுவை எழுதி முடித்துவிட்டேன். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் பாஸ்ட் டென்ஸ், எனக்குக் கைவந்த பாதி. ஒரே மூச்சில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. பெயர் தர்மன், லாரி ஓட்டினான், இடது கைப் பழக்கம் இருந்தது, புருவத்தில் தழும்பு இருந்தது. சிவசுப்பிரமணியத்திடம் காட்டினேன். முழுதும் படித்தார். "ஒரு பிழை இல்லை ஓய்" என்றார். பிறகு, "மொதல்ல எழுதினது இதைவிட நன்னா இருந்தது" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். அவருக்கும் எண்ணெய்க் குளியல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

கண்டக்டர் சொல்லி, ஊரில் எனக்குக் காபி வைரக்கண்ணு என்று பேர் வந்துவிட்டது. குஞ்சம்மாள் கூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். நானும் திரும்பிப் பார்க்கிறேன். ஆலத்தியூர் போய்ப் புஷ்பவல்லியைப் பார்த்தேன். முற்றத்தில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டில் ஒன்று வந்துவிட்டதே அம்மா என்றேன். மடத்தனம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒண்ணு வந்தாப் போதும்னு நெனைச்சேன் மாமா. இதுக்கு ஒண்ணும் தெரியாம இருந்ததே பரவால்ல" என்றாள். கொஞ்ச நேரம் நானும் கூட உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது மனுவை அனுப்பத் தபாலாபீசுக்குப் புறப்பட்டேன். வாசலிலேயே தபால்காரர் எதிரில் வந்தார். இந்தத் தடவை மெதுவாக நடந்து வந்தார். மறைக்காதே என்று நீ எழுதியிருப்பதால் சொல்கிறேன். முதல் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. ஒரு கார்டு, டைப் அடித்தது. எனக்குத் தெரிந்த தமிழில் அப்படியே எழுதுகிறேன்:

"திரு. தர்மன், குரும்பலூர். ஐயா, காணாமல் போயிருக்கும் தங்கள் தாயார் சுந்தராம்பாள், லாரி டிரைவர், இடது கைப் பழக்கமுள்ளவர், இடது புருவத்தில் தழும்பு உள்ளவர், சம்பந்தமாகத் தாங்கள் அனுப்பிய மனு எங்கள் கவனத்தில் இருக்கிறது. மலாயாவில் அவரைப் பற்றிய விசாரணை தொடர்ந்து நடந்து வருகிறது."

வைரக்கண்ணு

பின்குறிப்பு: கார்டில் டென்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்றரை வருஷமாக அவர்கள் தர்மனைத் தேடவே இல்லை. உன்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.